நின்றபடி நடந்த ஆராய்ச்சி

கூட்ட அறையிலிருந்த பன்னிரண்டு நாற்காலிகளையும் வெளியே எடுத்துப் போடச் சொன்னவள் என் நாத்தனார். அலுவலகத்தில் அவள் சேர்ந்து அன்றைக்கு நான்காவது நாள். பியூன் என் முகத்தைப் பார்த்தார். நான் இயக்குநரின் அறைக் கதவைப் பார்த்தேன். அது சாத்தியிருந்தது. அரசாங்க உதவியில் ஓடும் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவளுக்கு நாற்காலி என்றால் என்னவென்று தெரியும். கைப்பிடி உள்ளதா, இல்லாததா, முதுகில் துண்டு போட்டதா என்பதை வைத்தே உட்கார்ந்திருப்பவரின் பதவியைச் சொல்லிவிடலாம். அத்தனையையும் வராந்தாவில் அடுக்கவைத்துவிட்டு, "இனிமே தெனமும் காலைல கால் மணி நேரம், எல்லாரும் நின்னுக்கிட்டே பேசுதோம்" என்று அவள் அறிவித்தபோது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, பயம். வீட்டில் என் ரசத்தைக் கேலி செய்கிறவள் இங்கேயும் வந்து மானத்தை வாங்கப் போகிறாளே என்ற பயம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. டெல்லியில் எங்கள் மயூர் விஹார் பக்கம் மெட்ரோ இன்னும் வரவில்லை. சார்ட்டர்ட் பஸ்ஸில் நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டி அலுவலகம் போவோம். நான் கரோல் பாகில் வாடகை வீட்டில் வளர்ந்த குமாஸ்தா வீட்டுப் பெண். ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொள்ளும் முன்பே ஃபைலுக்கு நாடா கட்டக் கற்றுக்கொண்டவள். என் கணவர் வீட்டார் பாளையங்கோட்டைக்காரர்கள். டெல்லியில் எத்தனை வருடம் இருந்தாலும் வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சுதான். நாத்தனார் நொய்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். மேனேஜரோடு ஏதோ தகராறு. ஒரு வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ரெண்டே மாசம் மதினி. பொறவு வேற வேலை பாத்துக்கிடுதேன்" என்றாள். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தாள்.

எங்கள் பிரிவுக்கு இணையதளம் செய்து தர ஒப்பந்தத்தில் ஆள் கேட்டு விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தாள். "என் பேரைப் பற்றி மூச்சு விடாதே" என்று எச்சரித்துவிட்டு, நேர்காணல் நடந்த அன்று நான் விடுப்பே போட்டுவிட்டேன். தேர்வான பிறகுதான் அவள் யார் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் வங்காளி. லேசில் சிரிக்காத மனிதர். வீட்டுச் சண்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் ஏழு பேர். திறந்தநிலைக் கல்வியைப் பற்றிய ஆராய்ச்சி எங்கள் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வழி இருந்தது. அவர்களுக்காக நாங்கள் தயாரித்தவை திறந்த பாடங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எவரும் அவற்றை நகலெடுக்கலாம், தமக்கு ஏற்றபடி மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இப்படித் திறந்து வைப்பதால் படிக்கிறவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா என்று கண்டுபிடிக்க நான் இரண்டு வருடத் திட்டம் ஒன்று போட்டிருந்தேன். தொண்ணூற்றாறு கேள்விகள் கொண்ட வினாத்தாள், அதற்குப் பின்னால் அட்டவணைகள், கடைசியில் தலையணை தடிமனில் ஓர் அறிக்கை. அந்த வினாத்தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பரப்பி நாத்தனாருக்குப் பெருமையாகக் காட்டினேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தாள்.

"அந்தப் பொம்பளையளுக்குப் பரிச்சை எப்போ மதினி?"

"ஏப்ரல்ல."

"உங்க ரிப்போர்ட்டு?"

"ஏப்ரலுக்கு அடுத்த வருஷம்."

"அடப்பாவமே! அவுக ஃபெயிலாயி, அழுது, கண்ணத் தொடச்சு, மறந்தும் போன பொறவு, ஏன் ஃபெயிலானியன்னு நீங்க புஸ்தகம் போடுவியளாக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்றேன். எங்கள் கம்பெனியிலும் முன்பு அப்படித்தான் என்றாள். இரண்டு வருடம் உட்கார்ந்து ஒன்றைக் கட்டி முடிப்பார்களாம். வாங்க வந்தவர், நான் கேட்டது இது இல்லையே என்பாராம். அதனால் வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டை முடித்து, பயன்படுத்துகிறவர் கையிலேயே கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு மாற்றும் முறைக்கு வந்தார்கள். அஜைல் என்று அதற்குப் பெயர். "பாடத்தையும் அப்படிக் குடுக்கலாம்லா? ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. எங்க இடிக்குன்னு பாருங்க. மாத்துங்க. மறுபடி குடுங்க. உங்க ஆராய்ச்சியும் ஆச்சு, அவுக பரிச்சையும் ஆச்சு." மூன்று நாள் அவளோடு வாதாடினேன். நான்காம் நாள் வினாத்தாளை மடித்து டிராயரில் போட்டுவிட்டு இயக்குநரிடம் போய் நானே அந்த யோசனையைச் சொன்னேன். முடிவில் அறிக்கை ஒன்று கட்டாயம் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார். நாற்காலிகள் வெளியே போனது அதற்கு அடுத்த நாள்.

கூட்ட அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினாள். அதில் நான்கு கட்டங்கள்: செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது, மாட்டிக்கொண்டது. கடைசிக் கட்டத்துக்குச் சிவப்புக் கோடு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அந்த அட்டை கட்டம் கட்டமாக நகர வேண்டும். தினமும் பலகை முன்னால் நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் அதை என்ன செய்தது என்று கேளுங்கள். முதல் வாரமே பதவி வரிசைப்படி நிற்க ஆரம்பித்தோம். யாரும் சொல்லவில்லை, கால்கள் தானாகப் போய் அந்தந்த இடத்தில் நின்றுகொண்டன. இரண்டாம் வாரம் கிளார்க் ஒரு ரிஜிஸ்டர் கொண்டுவந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் வாரம் சமோசா வந்தது. சமோசாத் தட்டை வைக்க ஒரு மேஜை வந்தது. மேஜை இருக்கிறதே என்று இயக்குநரின் முழங்காலைச் சாக்காக வைத்து ஒரு நாற்காலி வந்தது. "ஒண்ணு உள்ள வந்தா மிச்சம் பதினொண்ணும் பின்னாலயே நடந்து வரும்" என்று நாத்தனார் அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்தாள். இயக்குநர் நின்றார். அதுவரைக்கும் அவளுக்கு வெற்றி. சிவப்புக் கட்டம்தான் காலியாகவே கிடந்தது. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஏழு பேருக்கும் ஒரே ஆங்கிலப் பதில்: "நில்." ஒன்றுமில்லை என்று அர்த்தம். காரணம் எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வருடா வருடம் எங்களைப் பற்றி ரகசியக் குறிப்பு எழுதுகிறவர் இயக்குநர். அவர் எதிரில் நின்று, சார், நான் மாட்டிக்கொண்டேன் என்று எவள் சொல்வாள்? "என்னத்த ஆபீசு இது? ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்லன்னா எதுக்கு வேலைக்கு வாரிய?" என்று பஸ்ஸில் என்னிடம் பொரிந்து தள்ளுவாள். நான் ஜன்னல் வழியே யமுனையைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

பாடங்கள் போய்ச் சேர்ந்த இடம், மயூர் விஹாருக்குப் பின்னால் கால்வாயைத் தாண்டிய ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடம். சனிக்கிழமை மதியம் பதினான்கு பெண்கள் வருவார்கள். அங்கே போவது என் பொறுப்பு. நாத்தனாருக்குச் சனிக்கிழமை விடுமுறை. பலகை அவள் பொறுப்பு, கூடம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி அங்கன்வாடி உதவியாளர். திண்டிவனம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். டெல்லியில் எட்டாவது வரை ஹிந்தி மீடியத்தில் படித்து நின்றுபோனவள். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். கிச்சடி கிண்டுவது, கூடம் பெருக்குவது, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவது எல்லாம் அவள் வேலை. பத்தாவது தேறிவிட்டால் அந்த மையத்துக்கே பொறுப்பாளராகலாம். ஆனால் அடுத்த அக்டோபருக்குள் சான்றிதழோடு மனு போட வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். "ஒரே சான்ஸ்தான் மேடம். இத வுட்டா சாகுற வரிக்கும் கரண்டிதான்" என்று முதல் சனிக்கிழமையே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் கொண்டுவந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து அசந்துபோனேன். நாங்கள் கொடுத்த பாடத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கையால் எழுதி வைத்திருந்தார்கள். முக்கோணங்களை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்கள். பயிற்சிக் கணக்குகளின் அடியில் விடை எழுத நாங்கள் விட்டிருந்த காலிக் கட்டங்களைக்கூட அப்படியே வரைந்திருந்தார்கள். அச்சிட்ட புத்தகமோ செய்தித்தாள் அட்டை போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை பலகை முன்னால் நின்று, "என்ன சிரத்தை தெரியுமா! திறந்த பாடம் என்றால் ஜனங்கள் எப்படி அணைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள்" என்று முழங்கினேன். இயக்குநர் முதல் தடவையாகத் தலையை ஆட்டினார். அட்டையை எடுத்து "முடிந்தது" கட்டத்தில் நானே ஒட்டினேன்.

இரண்டு வாரம் ஒரு சுற்று. நான்கு சுற்று ஓடியது. டெல்லியில் குளிர் இறங்கி, ஸ்வெட்டரோடு பலகை முன்னால் நிற்க ஆரம்பித்திருந்தோம். "நாலு சுத்து ஆயிட்டு மதினி. நீங்க குடுத்து முடிச்சது நாலு பாடம். அவுக கணக்குப் போட்டு முடிச்சது ஒண்ணேகால் பாடம். எங்கயோ இடிக்கே?" என்றாள் நாத்தனார்.

"அவங்க ஆழமாப் படிக்கிறாங்க."

"அச்சா?" என்றாள். அவள் அப்படி இழுத்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

அந்த வாரச் சனிக்கிழமை அங்கன்வாடிப் பெண்ணின் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். நான்காவது பாடத்தைப் பாதிவரை நகலெடுத்திருந்தாள். விரல் நடுவில் காய்ப்பு. இரண்டாவது பாடத்துக் கணக்குகள் முக்கால்வாசி இன்னும் காலியாகக் கிடந்தன. கணக்கைப் போடாமல் ஏன் எழுதிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"எழுதி முடிச்சாத்தான மேடம் போட முடியும்? பத்து நாளு எழுதவே பூடுது. அதுக்குள்ள நீங்க அடுத்தத குடுத்துடுறீங்க."

"புத்தகத்திலேயே போட வேண்டியதுதானே? அதுக்குத்தானே கட்டம் விட்டிருக்கோம்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். ஊதா மையில் வட்ட முத்திரை. 'அலுவலகச் சொத்து.' அதன் கீழே பேனாவால் எழுதிய ஸ்டாக் எண். "நம்பர் வேற போட்டுக்குது. திருப்பிக் குடுக்கணும்ல? சர்க்காரி கிதாபுல எவ மேடம் பேனா வெப்பா? வீணாப்பூடுச்சுன்னா எங்களத்தான கேப்பீங்கன்னு எல்லாரும் பயந்துகினு இருந்தோம்."

அந்த முத்திரையைக் குத்தச் சொன்னவள் நான். அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்த அன்று, ஸ்டோர் ரிஜிஸ்டரில் ஏற்றி, எண் போட்டு, ஒவ்வொரு பிரதியிலும் முத்திரை குத்திவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் நின்று குத்த வைத்தேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் வர்க்கத்துக்குக் கை தானாக முத்திரையை எடுக்கும். யாரும் மாற்றலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு பின்னட்டையில் எறும்பு எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் என் முத்திரை. எந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு சான்ஸ் இருந்ததோ அவளுடைய எட்டு வாரத்தை நகலெடுக்க வைத்தே தின்றுவிட்டு, அதைச் சிரத்தை என்று மெச்சிக்கொண்டும் இருந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை தோசை வார்த்துக்கொண்டே நாத்தனாரிடம் சொல்ல வாயெடுத்தேன். "புத்தக விஷயமா ஒண்ணு" என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். "ஆபீஸ் விஷயமா? இங்க சொல்லாதிய. நாளைக்கு போர்டு முன்னால சொல்லுங்க."

"கொஞ்சம் சங்கடமான விஷயம்டீ."

"அப்பம்னா கட்டாயம் அங்கதான் சொல்லணும். தோச கருகுது பாருங்க."

துணை இயக்குநர் பதவிக்கு என் பெயர் அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குள் என்னென்ன வாதங்கள் ஓடின என்று எழுதினால் எனக்கே வெட்கம். புதிய புத்தகம் அச்சடித்து, முத்திரை இல்லாமல் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டால் போயிற்று என்றுகூட நினைத்தேன். ஆனால் கொடுத்த பாடத்தையே மறுபடி அச்சடிக்க ஒப்புதல் வாங்க மூன்று மாதம் ஆகும். அவளுக்கு ஏப்ரலில் பரீட்சை. திங்கட்கிழமை என் முறை வந்தபோது ஓர் அட்டையை எடுத்துச் சிவப்புக் கட்டத்தில் ஒட்டினேன். "நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என்னால் பதினான்கு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, முத்திரை வரை சொல்லி முடித்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப்படி முத்திரை சரிதான் என்றார். பிறகு, அதனால்தான் அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை என்றார். என் பக்கம் திரும்பி, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டார். அவ்வளவுதான். மற்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சரிசெய்த விதம்தான் வேடிக்கை. ஸ்டாக்கில் ஏறிய பொருளை யாருக்கும் சும்மா கொடுக்க விதி இல்லை என்றார் ஸ்டோர் கீப்பர். ஒரே வழி, மூன்று பேர் குழு அமைத்து, அந்தப் பொருள் உபயோகத்துக்கு லாயக்கற்றது என்று சான்று கொடுத்துக் கழித்துவிடுவது. கொடுத்தோம். மை வாசனைகூடப் போகாத புத்தகங்கள் லாயக்கற்றவை என்று நானும் இயக்குநரும் கணக்கு அதிகாரியும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் அவை திறந்த புத்தகங்கள் ஆயின. நாத்தனார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வராந்தா கிடுகிடுத்தது.

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் எல்லோர் எதிரிலும் ஒரு புத்தகத்தின் முத்திரையைப் பேனாவால் குறுக்கே அடித்து, கட்டத்துக்குள் ஒரு விடையையும் எழுதிக் காட்டினேன். ஒருத்தியும் நகரவில்லை. அங்கன்வாடிப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "நெசமா எங்குளுதா மேடம்? அடிச்சிக் கிறுக்கலாமா?" "கிழிக்கக்கூடச் செய்யலாம்" என்றேன். முத்திரைக்கு மேலே பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு இரண்டாவது பாடத்தைத் திறந்தாள். அன்று மாலைக்குள் ஒரு பாடம் முழுவதும் போட்டுவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து நாத்தனாரும் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். ஒரு சின்னப் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்களுக்கு ரகசியக் குறிப்புப் பயம் ஏது? சிவப்புக் கட்டம் வழிந்தது. பின்னத்தை ஏன் தலைகீழாகத் திருப்ப வேண்டும், வட்டிக் கணக்கில் வரும் ஆள் யார், அவருக்கு வேறு வேலை இல்லையா என்றெல்லாம் அட்டைகள் ஒட்டினார்கள். அங்கன்வாடிப் பெண் சதவீதப் பாடத்திலிருந்து வங்கியைத் துரத்திவிட்டுத் தன் மையத்துப் பிள்ளைகளின் எடை அட்டையை வைத்தாள். எந்தப் பிள்ளை போன மாதத்தைவிட எத்தனை சதவீதம் எடை கூடியிருக்கிறது என்று கணக்கு. அடுத்த சுற்றில் அந்தப் பாடம் அவள் எழுதியபடியே போனது. பாடத்தை எவரும் மாற்றலாம் என்று நான் எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். ஒருத்தி மாற்றுவதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் ஆராய்ச்சிக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் தொண்ணூற்றாறு கேள்விகளில் கிடைத்திருக்காது. இதை இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன்.

ஏப்ரலில் எழுதினாள். ஜூனில் முடிவு வந்தது. மற்றப் பாடங்களில் தேறியிருந்தாள். கணக்கில் போய்விட்டது. கடைசி இரண்டு பாடங்களை அவள் தொடவே நேரமிருக்கவில்லை. லூ என்கிற அனல் காற்று அடிக்கிற மதியத்தில் அலுவலகத்துக்கே வந்து சொன்னாள். அழுதவள் நான். அவள் என் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, "தனியா கணக்கு மட்டும் எழுதலாம்னு சொன்னீங்கள்ல மேடம், அது எப்போ?" என்று கேட்டாள். தவறிய பாடத்தை மட்டும் பெயர் கொடுத்து எழுத ஆகஸ்ட்டில் ஒரு வாய்ப்பு இருந்தது. "எத்தினி சுத்து இருக்கு?" நாத்தனார் காலண்டரை எண்ணிப் பார்த்து, நாலு என்றாள். எட்டு வாரம். நான் தின்ற அதே எட்டு வாரம். "போதும்" என்றாள் அவள். ஆகஸ்ட்டில் எழுதினாள். தேறுவதற்கு வேண்டியதைவிட ஒரு மதிப்பெண்கூட அதிகமில்லை, குறைவுமில்லை. அக்டோபர் கெடுவுக்கு முன்னால் மனு போட்டாள். அந்த மையத்துக்கு அவள்தான் பொறுப்பாளர் ஆனாள்.

அறிக்கை எழுதும் நேரம் வந்தது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். கூடத்தில் வாசித்துக்கொண்டே போனேன். 'சில நடைமுறைச் சிக்கல்களால் தொடக்கச் சுற்றுகளில் தாமதம் ஏற்பட்டது' என்ற இடத்தில் அங்கன்வாடிப் பெண் கையைத் தூக்கினாள். நடைமுறைச் சிக்கல் என்றால் என்ன என்று கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல, சும்மா ஆபீஸ் விஷயம்" என்று குறுக்கே விழுந்தாள் நாத்தனார். எதையும் பலகை முன்னால் சொல்லச் சொல்கிற அதே நாத்தனார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க சீல் குத்தினதா மேடம்?"

"ஆமாம்."

"அப்ப அத்த அப்படியே எழுதுங்க. இத்த படிக்கிறவங்க வேற எங்கியாச்சும் குத்தாம இருப்பாங்கள்ல? எனக்கு நாலு சுத்து கெடச்சுது. எல்லாத்துக்கும் கெடைக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் வெடித்தாள். பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் முடிவாக இருந்தது அவளுக்கும் தெரியும். "உங்களுக்குப் பைத்தியமா மதினி? ஏழு பேருக்குள்ள சொல்லுதது வேற, மந்திரி ஆபீஸ் வரைக்கும் போற புஸ்தகத்துல அச்சடிக்கது வேற. அண்ணன்கிட்ட சொல்லுவேன். யாரு கேட்டா உங்ககிட்ட?" இத்தனை மாதம் அவள் முறையைத்தான் மதித்தேன். அன்றைக்குத்தான் அவள்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. ஆனால் எழுதினேன். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், முத்திரையைக் குத்த வைத்தவள் நான், அதனால் பதினான்கு பெண்கள் எட்டு வாரம் இழந்தார்கள், ஒருத்தி பரீட்சையில் தவறினாள் என்று என் பெயரோடு எழுதினேன். இயக்குநர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். உங்களுக்காகச் சொல்கிறேன், இதை எடுத்துவிடலாமே என்றார். இருக்கட்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பட்டியலில் என் பெயர் வரவில்லை. அந்தப் பக்கம்தான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். சேர்ந்த வருடத்திலிருந்து ஆசைப்பட்ட நாற்காலி அது. அதில் உட்காராமலே ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் அடுக்ககத்தில் கணினி வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் தினமும் நின்றபடி பேசுகிறார்கள், அட்டைகளை நகர்த்துகிறார்கள். அவர்களுக்கு அது பல் துலக்குவது மாதிரி. ஆன்ட்டி, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்கிறார்கள். என் நாத்தனார் சொல்லிக் கொடுத்தாள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து சண்டை போடுவாள்.

அந்த அறிக்கையை எங்கள் இணையதளத்தில் ஏற்ற வேண்டியவள் அவள்தான். கையெழுத்தான பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில்கூட உப்பை என் கணவர் வழியாகத்தான் கேட்டாள். மூன்றாம் நாள் மதியம் அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்து, ஏத்திட்டேன், சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க என்று ஒரு மாதிரியான குரலில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். நான் திறந்து பார்த்தேன். முதல் பக்கம் அப்படியே இருந்தது. என் பெயருக்குக் கீழே நான் எழுதாத இரண்டு வரிகள் இருந்தன. 'அந்த எட்டு வாரமும் பலகையைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது, அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சனிக்கிழமைகூட நான் அந்தக் கூடத்துக்குப் போகவில்லை, அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.' கீழே அவள் பெயர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இயக்குநர் கையெழுத்திட்ட அறிக்கையில் கை வைக்கலாமா என்று கேட்க வேண்டியவள் நான்.

"தெறந்த அறிக்கைதான மதினி?" என்றாள். "யாரும் சேக்கலாம்லா?"